ஊமை என்று உரக்கச் சொல்லவும்

கெண்டக்கி மாநிலத்தில் அந்தக் காலத்தில் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆண்களின் வாயில் இருந்தது. வாக்காளர் நீதிமன்ற வாசலில் நின்று, தமக்கு வேண்டியவரின் பெயரை ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். எழுத்தர் குறித்துக்கொள்வார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வேட்பாளர் எழுந்து கைகுலுக்கி நன்றி சொல்வார். எதிராளியின் பெயரைச் சொன்னவருக்கும் நன்றி உண்டு. அது வேறு மாதிரியான நன்றி.

பெண்களும் அடிமைகளும் தொண்டையைச் சிரமப்படுத்திக்கொள்ள வேண்டாம் என்று சட்டம் பெரிய மனதோடு விட்டுவிட்டது.

அந்த ஆகஸ்டில் ஹேசல் கவுண்டி எனும் மாவட்டத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கர்னல் ரான்ஸ்டெல். எந்தப் போரில் கர்னல் ஆனார் என்று யாரும் கேட்டதில்லை. கவுண்டியில் பாதி நிலத்துக்கு அவரிடம் பத்திரம் இருந்தது. மீதிப் பாதிக்கும் பத்திரம் இருந்தது. ஆனால் அதில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள்.

அவர்களில் ஒருவன் எனாக் பிளெட்சோ. எட்டு வருஷம் மரம் வெட்டி, வேர் பிடுங்கி, காட்டைச் சோளக்கொல்லையாக்கியவன். குடியிருப்பவனைக் கிளப்பினால் அவன் உழைப்புக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற ஒரு சட்டம்தான் அவனை நடுத்தெருவுக்கு வராமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆளுநரானால் முதல் வேலையாக அந்தச் சட்டத்தை ஒழிப்பதாகக் கர்னல் சொல்லியிருந்தார். எதிர்த்து நின்ற டாபின், அதைத் தொட விடமாட்டேன் என்றார்.

"கர்னல் பேரைச் சொன்னா ஆறு மாசத்துல நிலம் போயிடும். டாபின் பேரைச் சொன்னா அடுத்த வாரமே போயிடும்" என்றான் எனாக்.

அவன் மனைவி கெசையா பன்றி இறைச்சியைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "பீப்பாய்க்கார ஆசாவுக்குத்தான் பேச்சு வராதே, அவரு எப்படிங்க ஓட்டுப் போடறாரு?"

"ஊமைன்னா சீட்டுல எழுதிப் போடலாம். சட்டத்துல இருக்கு."

"யாருக்குப் போட்டாருன்னு கர்னலுக்குத் தெரியுமா?"

அந்த நிமிஷத்திலிருந்து எனாக் ஊமை. கெசையா ஒரு சிலேட்டை அவன் கழுத்தில் கட்டிவிட்டாள்.

நீதிமன்ற வாசலில் தேர்தலை நடத்திக்கொண்டிருந்த கவுண்டி அதிகாரி ஷெரீப் புரூயிட் சிலேட்டையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். இதுவரை கவுண்டியில் ஊமை ஒருவர்தான், நடைமுறை தேவைப்படவில்லை. இரண்டாவது ஆள் வந்துவிட்டபடியால் உடனடியாக ஒரு நடைமுறை உண்டாக்கப்பட்டது.

"ஊமைன்னு சத்தியம் பண்ணணும்ப்பா. சத்தியத்தை வாயாலதான் சொல்லணும்."

எனாக் விழித்தான்.

"சத்தியம் பண்றது பேச்சுல சேராது. உரக்கச் சொல்லு, எழுத்தருக்குக் காது மந்தம்."

"எனாக் பிளெட்சோ ஆகிய நான் பேச்சுத்திறன் அறவே அற்றவன் என்று கடவுள் அறியச் சொல்கிறேன்."

"தெளிவா சொன்னே. ஊமையேதான்" என்று ஷெரீப் சான்றிதழில் முத்திரை குத்தினார்.

அடுத்து நின்றவர் ஆசா. பிறந்ததிலிருந்தே பேசாதவர். ஷெரீப் பொறுமைசாலி, ரொம்ப நேரம் காத்திருந்தார். ஆசாவின் உதடுகள்தான் அசைந்தன.

"ஊமைன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியல. உங்களை எப்படிய்யா ஊமைன்னு நம்பறது?"

மேற்படி விண்ணப்பம் போதிய ஆதாரமின்மையால் நிராகரிக்கப்பட்டது.

மறுநாள் மதியத்துக்குள் கடையில் சிலேட் தீர்ந்துவிட்டது. வாயால் ஓட்டுப் போடுவது பட்டிக்காட்டுத்தனம் என்று வக்கீல்கள் எழுதிக் காட்டினார்கள். பெண்டாட்டிமார் சிலேட்டுக்குப் பட்டு நாடா தைத்துக் கொடுத்தார்கள். கர்னலின் சொந்த மைத்துனரே வெள்ளிச் சட்டம் போட்ட சிலேட்டோடு வந்து, தாம் ஊமை என்று கணீரென்று அறிவித்தார். வாக்காளர்களுக்கென்று வைத்திருந்த விஸ்கிப் பீப்பாயைச் சுற்றி நின்றவர்கள் இத்தனை கோப்பை என்று விரலைக் காட்டினார்கள். கர்னல் வாக்குப்பதிவு நடந்த மூன்று நாளும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். எனாக்குக்கு அந்தப் புன்னகை புரியவில்லை. புரிந்திருந்தால் அன்றைக்கே வாயைத் திறந்திருப்பான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணிவிட்டு ஷெரீப் வெளியே வந்தார்.

"சான்றிதழ் வாங்கின ஊமைங்க நானூத்திப் பன்னிரண்டு. கர்னலுக்கு விழுந்த சீட்டு நானூத்தி முப்பத்தொண்ணு. டாபினுக்கு ஒன்பது. ஆட்சேபணை இருந்தா இப்பவே வாயால சொல்லலாம். சொல்றவங்க பொய்ச்சத்தியம் பண்ணினவங்கன்னு ஆகும். அதுக்கு ஜெயில்."

நானூற்றுப் பன்னிரண்டு பேரும் சட்டத்தை மதித்து நின்றார்கள்.

ஆசா மட்டும் முன்னால் வந்தார். பொய்ச்சத்தியம் பண்ணாத ஒரே ஊமை அவர்தான். 'ஆளை விடச் சீட்டு எப்படி அதிகம்?' என்று தம் சிலேட்டில் எழுதியிருந்தார்.

"வாயாலய்யா, வாயால" என்றார் ஷெரீப். "யாராவது இவருக்காகப் படிச்சுச் சொல்றீங்களா?"

ஆசா சிலேட்டை எனாக் பக்கம் திருப்பினார். எனாக்குக்குப் படிக்கத் தெரியும். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். கர்னல் எழுந்து ஒவ்வொருவராகக் கைகுலுக்கி நன்றி சொன்னார்.

கர்னல் ஆளுநரானார். சோளம் முற்றுவதற்குள் சட்டம் ஒழிந்தது. அளவுச் சங்கிலியோடு நில அளவைக்காரரும், சான்றிதழ்க் கட்டோடு ஷெரீப்பும் கொல்லைக்கு வந்தார்கள்.

"ஆட்சேபணை உண்டா?" என்றார் ஷெரீப்.

"உண்டு" என்றாள் கெசையா. "எட்டு வருஷம் நானும்தான் வேர் பிடுங்கினேன்."

"உங்க பேச்சு சட்டத்துக்குக் கேக்காதும்மா. அவரு சொல்லட்டும்."

எனாக் வாயைத் திறந்தான். ஷெரீப் சான்றிதழ்க் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார். எனாக் வாயை மூடிக்கொண்டான்.

ஆள் பற்றாததால் எனாக்கையே சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார்கள். தொய்யாமல் இழுத்துப் பிடித்தான்.

"இத்தனை நாளும் இந்த வீட்டுல ஓட்டு இல்லாதவ நான் ஒருத்திதான்னு நெனச்சேன்" என்றாள் கெசையா.

குடியிருப்பவர் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை என்றும், அளவைப் பணிக்கு முழு ஒத்துழைப்பு நல்கினார் என்றும் ஷெரீப் எழுதிக்கொண்டார்.