சொந்த எச்சில்

பல் வலிக்கிறவனுக்கு முதலில் வேண்டியது பல் டாக்டர் என்று நினைக்கிறவர்கள் சர்க்காரை அறியாதவர்கள். முதலில் வேண்டியது ஒரு விண்ணப்பப் பாரம்.

வேலாயுதத்துக்கு வாயில் புற்று. ஆஸ்பத்திரியில் முப்பது நாள் கதிர்க் கரண்டு வைத்துப் புண்ணை ஆற்றிவிட்டார்கள். புண்ணோடு எச்சில் ஊறுவதும் நின்றுபோயிற்று. ஈரமில்லாத வாயில் பற்கள் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிரத் தொடங்கின. கடைவாய்ப் பல் ஒன்று சீழ் கட்டிக் கன்னம் வீங்கி, மனுஷர் பத்து நாளாகக் கஞ்சித் தண்ணீரில் உயிரை வைத்திருந்தார். கரண்டு வைத்த தாடையில் கண்டபடி பல்லைப் பிடுங்கினால் எலும்பே அழுகிப்போகுமாம். அதனால் அனுமதிக் கடிதம் இல்லாமல் எந்த டாக்டரும் தொடமாட்டார்.

மனைவி சிவகாமசுந்தரி அவரைச் சிராங்கூன் ரோட்டில் பஸ் ஏற்றி அனுமதி அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே பாரம் வாங்கிப் பதியும் கிராணி அழகப்பன் இருந்தார். அந்த வருஷத்து மோஸ்தர்படி குழாய்க் கால்சட்டை போட்டிருந்ததால் உட்கார முடியாமல் நின்றுகொண்டே அலுவல் பார்த்தார்.

"ஸ்டாம்பு ஒட்டுங்க. மனுதாரர் சொந்த எச்சிலால ஒட்டணும். விதி பதினாலு."

"அவருக்கு எச்சிலே ஊறாதுங்க. அதனாலதானே பல்லே போச்சு!"

"அப்போ எச்சில் இல்லேன்னு சர்டிபிகேட் வேணும்மா."

"அதை யாரு குடுப்பா?"

"நான்தான். அதுக்கும் ஒரு பாரம் இருக்கு. ஸ்டாம்பு ஒட்டித் தரணும்லா."

"தண்ணி தொட்டு ஒட்டிடுறேனே?"

"தண்ணி எல்லாருக்கும் ஒண்ணு. எச்சில்தான் ஆளுக்கு ஆள் வேற. சர்க்காரை ஏமாத்தப் பாக்குறீங்களா?"

வேலாயுதம் ஸ்டாம்பை நாக்கில் வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தார். போனபடியே திரும்பி வந்தது.

அழகப்பனுக்கும் மனசு கரைந்தது. "புளியங்காயை நினைச்சுப் பாருங்கண்ணே. உப்பு, மிளகாய்த்தூள் போட்டு..."

வரிசையில் நின்ற இருபது பேருக்கும் வாய் ஊறியது. வேலாயுதத்துக்குக் கண்தான் ஊறியது.

விவகாரம் பெரிய கிராணி சாகுல் ஹமீதிடம் போனது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்து ஓர் உத்தரவு எழுதினார்: "மேற்படி மனுதாரரின் உமிழ்நீர்ப் பிரதிநிதியாக மேற்படி மனைவி இதனால் நியமிக்கப்படுகிறார்." சிவகாமசுந்தரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஸ்டாம்பை நக்கி ஒட்டினாள். கல்யாணத்தன்றுகூட அவளை இத்தனை பேர் மரியாதையாகப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. பல் டாக்டர் அதை இரண்டு முறை படித்தார்.

"எச்சிலுக்கு உரியவர் யாரு?"

"நான்தாங்க," என்றாள் சிவகாமசுந்தரி. "ஆனா பல்லு..."

"உட்காருங்க."

வாய் நிறையக் கருவிகளை வைத்துவிட்டால் யாரால் மறுத்துப் பேச முடியும்? வேலாயுதம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். டாக்டர் எழுதினார்: "மனுதாரர் பூரண குணம். முப்பது பல்லும் உறுதி. உமிழ்நீர் தாராளம். கோப்பு முடிக்கப்பட்டது."

செய்தி அவர்களுக்கு முன்னால் கோப்பிக் கடைக்குப் போய்விட்டது. "அண்ணே, குணமாயிடுச்சாமே! எந்த டாக்டரு? எங்க மச்சானுக்கும் சொல்லுங்க!" வேலாயுதத்தால் வாயைத் திறக்க முடியவில்லை. எவ்வளவு அடக்கம் என்று எல்லாரும் மெச்சினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பாயில் சுருண்டு முனகினார். சிவகாமசுந்தரி அந்தக் காகிதத்தை இன்னொரு முறை விரித்துப் பார்த்தாள். சிவப்பு முத்திரை, கையெழுத்து, தேதி, எல்லாம் சரியாக இருந்தன.

"சும்மா இருங்க!" என்று அதட்டினாள். "இவ்வளவு பெரிய டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. எனக்கே ஒரு வலியும் இல்லை, உங்களுக்கு மட்டும் எங்கேர்ந்து வருது?"