வைரவேலுக்கு வக்காலத்து

வில்லனுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. சட்டம் படித்திருக்க மாட்டார்கள், கறுப்புக் கோட்டு கிடையாது, கட்சிக்காரன் கூப்பிடுவதற்கு முன்பே வாதாட எழுந்துவிடுவார்கள். யார் என்ன அக்கிரமம் செய்தாலும், நாம் திட்டி முடித்து மூச்சு வாங்குகிற அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து, தலையை லேசாகச் சாய்த்து, "அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்குல்ல?" என்பார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். திண்டுக்கல்லில், பேகம்பூரை ஒட்டிய சந்து ஒன்றில் இருப்பவர் முத்துக்கிருஷ்ணன்.

பம்புசெட் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான். (பார்த்தீர்களா, அவரைப் பற்றி எழுதும்போதே நமக்கும் தொற்றிக்கொள்கிறது.) இந்தப் பழக்கத்தை முற்ற வைத்தது ஒரு பேய் சீரியல்.

'இரவல் உயிர்' என்று பெயர். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு. புகுந்த வீட்டார் கிணற்றில் தள்ளிக் கொன்ற மருமகள் பேயாகத் திரும்பி வருகிறாள். கொன்றவர்களுக்காக வாதாடுகிறவன் வக்கீல் வைரவேல். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவன். கண்ணாடியைக் கழற்றினால் மூன்று தடவை இடி இடிக்கும். பேயின் பெயருக்கே நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அது பதில் போடவில்லை என்று கோர்ட்டில் குறைப்பட்டுக்கொள்கிறவன். இருநூறு எபிசோடு ஊரே அவனைத் திட்டியது. இருநூற்று ஒன்றில், செத்தவளின் குழந்தையை யாருக்கும் தெரியாமல் ஹாஸ்டலில் சேர்த்து, ஜன்னல் வழியாகப் பார்த்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டான். மறுநாளே ஹாஸ்டல் விலாசத்தைக் கொலைகாரர்களிடம் கொடுத்தும் விட்டான்.

முத்துக்கிருஷ்ணனுக்கு அந்த ஒரு சொட்டே போதும்.

"பாத்தியா? உள்ளுக்குள்ள அவன் நல்லவன்."

"அதான் விலாசத்தக் குடுத்துட்டானே?" என்றாள் மனைவி அன்புக்கரசி, பூண்டு உரித்துக்கொண்டே.

"அது தொழிலு. கண்ணீருதான் மனசு."

"கொல்ல வாறவன அந்தக் கண்ணீரு வந்தா தடுக்கும்?"

"ஒனக்குச் சட்டம் தெரியாது."

சீரியலோடு நின்றிருந்தால் நமக்கென்ன? சந்தின் கடைசி வீட்டில் ஷரீஃபா இருக்கிறார். கணவர் இல்லை. மகள் அஃப்சானா ஜாக்கெட் தைக்கும் ஒரே ஒரு தையல் மெஷினில்தான் அந்த வீடு ஓடுகிறது. சந்தின் ஓரத்தில் ஒரு வாய்க்கால் உண்டு. மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மூலையில் புது வீடு கட்டிய முகேஷ்குமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வாசலை ஒட்டிய வாய்க்காலில் மண்ணைக் கொட்டி மேலே சிமெண்டும் பூசிவிட்டார்.

ஷரீஃபா ஓடியது சந்து நலச் சங்கச் செயலாளரிடம். அது முத்துக்கிருஷ்ணன்தான். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவர் என்பதற்காகவே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"அண்ணே, ஒரு மழ பேஞ்சா எங்க வீட்டுக்குள்ளதாண்ணே தண்ணி நிக்கும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொல்றேம்மா. ஆனா முகேஷ் பக்கமும் ஒரு நியாயம் இருக்குல்ல? கொசு."

போய்ச் சொல்லத்தான் செய்தார். முகேஷ்குமார் காபி கொடுத்து, கவனமாகக் கேட்டு, "ஒங்க காரு ரோட்டுல நின்னு காயுதேண்ணே. நம்ம வேப்பமரத்துக்குக் கீழ, அந்த சிமெண்டு மேல நிப்பாட்டிக்கங்க" என்றார். அன்று மாலையிலிருந்து கார் அங்கே நின்றது. நியாயத்துக்கு நிழலும் கிடைத்தது.

ஐப்பசியில் ஒரு பிற்பகல், இரண்டு மணி நேரம் விடாமல் கொட்டியது. ஷரீஃபா வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். மெஷின் மோட்டார் கருகிப்போனது. வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்குத் தைத்து வைத்திருந்த பதினோரு ஜாக்கெட்டுகளும் சாயம் கலந்து வீணாயின.

முத்துக்கிருஷ்ணனுக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. மோட்டாரைத் தானே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், புதிதாகச் சுற்றி, மறுநாளே மாட்டி ஓட்டிக் காட்டினார். ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றபோது ஏதோ ஒரு கேமரா தன் முகத்தை நெருங்கி வருவதுபோலக்கூட அவருக்கு இருந்தது.

"ரொம்ப நன்றி மாமா" என்றாள் அஃப்சானா. "நாளைக்கு மாநகராட்சி இன்ஜினியர் வாராரு. வாய்க்கா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிருங்க. அம்புட்டுத்தான்."

மறுநாள் பதினோரு மணிக்குச் சந்தே கூடி நின்றது. இன்ஜினியர் சுற்றி வளைக்காமல் கேட்டார்: "நீங்கதான செயலாளர்? இங்க வாய்க்கால் இருந்துச்சா, இல்லையா?"

இருபத்திரண்டு வருடமாக அந்தச் சந்தில் குடியிருக்கிறவருக்கு ஒரே வார்த்தையில் முடிகிற வேலை. முகேஷ்குமாரைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அஃப்சானாவைப் பார்க்கவில்லை. மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். இடி ஒன்றும் இடிக்கவில்லை.

"இருந்துச்சுன்னும் உறுதியாச் சொல்ல முடியாது சார். இல்லைன்னும் சொல்லிற முடியாது."

அஃப்சானா அவரைத் திட்டியிருந்தால் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

"இருந்துச்சு சார்!"

அன்புக்கரசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ரெண்டடி அகலம். இந்த மனுசன் ஸ்கூட்டரோட அதுக்குள்ளதான் விழுந்தாரு. ஏழு தையலு. வேட்டியத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க."

இன்ஜினியர் பேனாவை எடுத்தபடியே, "காட்டுறீங்களா?" என்றார்.

காட்டினார். வேறு என்ன செய்வார்? வலது முழங்காலுக்குக் கீழே, வாய்க்கால் போலவே நீளமாக, தழும்பு. வாயைவிட அந்தக் கால் நேர்மையாக இருந்தது.

நான்கு நாளில் சிமெண்டை உடைத்து வாய்க்காலைத் திறந்தார்கள். கார் மறுபடி வெயிலுக்கு வந்தது. கல்யாண வீட்டார் மட்டும் திரும்பி வரவில்லை; துணியைப் பாழாக்கிய கடை என்று சொந்தக்காரர்களிடமும் சொல்லி வைத்தார்கள். அஃப்சானாவுக்கு அந்த மாதம் கல்யாண வேலை ஒன்றுகூட வரவில்லை.

முத்துக்கிருஷ்ணனோ சௌகத் அலியின் டீக்கடையில் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். "நான் நேராச் சொல்லிருந்தா முகேஷ் உசாராயிருப்பான். அதான் பொடி வச்சுப் பேசுனேன்."

"அப்ப வேட்டியத் தூக்குனது?" என்றார் சௌகத் அலி.

"அது சாட்சியம்."

வீட்டில் அன்புக்கரசி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. சீரியல் நேரத்தில் டிவியை அணைத்துவிட்டு ஷரீஃபா வீட்டுக்குப் போய்விடுவாள், அஃப்சானாவுக்குக் கொக்கி தைத்துக் கொடுக்க. அவள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கலாம் என்று முத்துக்கிருஷ்ணனுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்திருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வரும்போது எங்காவது ஓர் இடத்தில், "இருந்தாலும் மோட்டாரை அந்த மனுசன்தானே சரி பண்ணிக் கொடுத்தார்" என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியதல்லவா? வாருங்கள், உட்காருங்கள். முகேஷ்குமாருக்கு இன்னும் வக்கீல் அமையவில்லை.