எஞ்சினுக்கு வைத்த பொட்டு

எந்த இயந்திரமும் என்னிடம் உதவி கேட்டதில்லை. நானாகத்தான் போய்ச் செய்துவிடுவேன்.

ஆறு வருடங்களுக்கு முன், மாக் மண்டின் தொழிற்பேட்டையின் பட்டறை ஒன்றில் நடந்ததும் அப்படித்தான். அப்போது எனக்கு நாற்பத்தைந்து. இளமைமேல் பழி போடவும் வழியில்லை.

என் மனைவி மாலதி பொறியாளர். அவள் குழு மூன்று வருடமாக ஓர் எஞ்சினைச் சீராட்டி வளர்த்தது. சுமை ஏறினால் டூ ஸ்ட்ரோக், குறைந்தால் ஃபோர் ஸ்ட்ரோக்; ஓடும்போதே தானாக மாறும். ஒரு நேரம் சுற்றுக்கு ஒரு வெடி, இன்னொரு நேரம் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. ஒரே நெஞ்சுக்குள் இரண்டு தாளம்! (எனக்குப் புரிந்தது அவ்வளவே. கவிதை எழுதுகிறவனுக்கு அது தாராளம்.)

அன்று நிறுவன இயக்குநர் பார்க்க வருகிறார். எஞ்சின் தாளம் மாறினால் திட்டம் தொடரும். மாறாவிட்டால் அன்றோடு மூடல். தீவில் ஜார்ஜ் டவுன் வீட்டிலிருந்து கடல் பாலம் தாண்டி மாலதியைக் காரில் கொண்டுவந்து சேர்த்தவன் நான்.

"என்னங்க, நீங்க கேன்டீன்ல உட்காருங்க. எஞ்சின் பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, இயக்குநரை வரவேற்க வாசலுக்குப் போனாள்.

போனேன். எஞ்சின் பக்கம்தான்.

பாவம், மூளியாக நின்றது. எங்கள் வீட்டில் மிக்ஸிகூடப் பொட்டு வைத்துக்கொண்டுதான் முதல் சட்னியை அரைத்தது. இதற்கு மட்டும் யாருமில்லையா? காலையில் கோயிலில் கொடுத்த சந்தனமும் குங்குமமும் காரில் இருந்தன. குழைத்தேன். உச்சியில் ஒன்று, தோளில் ஒன்று. பக்கவாட்டில் சிறிய கறுப்புக் கண்ணாடி ஒன்று என்னையே பார்த்தது. நெற்றிக்கண்! அதற்குத் தாராளமாகவே அப்பினேன்.

எல்லோரும் வந்தார்கள். எஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக்கில் சமர்த்தாக ஓடியது. மாலதி சுமையை ஏற்றினாள். இரண்டு இருமல், நின்றுவிட்டது. மறுபடி ஓட்டினாள். மறுபடி இருமல்.

இயக்குநர் சீன அம்மையார். மூக்கைச் சுளித்து மலாயில் கேட்டார்: "ஏன் இங்கே கோயில் வாசனை?"

டெக்னீஷியன் செல்வா டார்ச் அடித்துக் குனிந்தான். "அக்கா, சென்சார் கண்ணுல யாரோ சந்தனத்த அப்பி வச்சிருக்காங்க லா!"

எதிரே சுழலும் சக்கரத்தின் பற்களைப் பார்த்து, எந்த நொடியில் அடுத்த தாளத்துக்குத் தாவலாம் என்று எஞ்சினுக்குச் சொல்லும் கண்ணாம் அது.

மாலதி 'யார்?' என்று கேட்கவில்லை. (பதினெட்டு வருடக் குடித்தனத்தில் விசாரணை தேவைப்படாது.) நேராக என்னிடம் திரும்பினாள்.

"குங்குமமும் வச்சீங்களா?"

"வச்சேன். நடுவுல, நல்லா வட்டமா."

செல்வா சிரிப்பை அடக்கிக்கொண்டு துடைத்தான். மீண்டும் சுமை. நடந்துகொண்டிருந்தவன் சட்டென்று ஓட்டமெடுத்தது போல் சத்தம் இரட்டித்தது. மாறிவிட்டது! முதலில் கைதட்டியவன் நான். கடைசியாகத் தட்டியவனும் நானே.

இயக்குநர் மட்டும் யோசித்தார். "பொட்டுக்கே நிற்கிற எஞ்சின் சேற்றில் எப்படி ஓடும்? திட்டம் தொடரட்டும். முதல் வேலை, அந்தக் கண்ணுக்கு ஒரு மூடி."

ஆக, பெருங்குறை ஒன்றைக் கண்டுபிடித்தவன் நான். மாலதி இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மூடி வந்தது. மலாய்க்காரர், சீனர் எல்லோருக்கும் அது 'பொட்டு மூடி'தான். அதன்மேல் ஒரு ஸ்டிக்கர்: மோதிர விரல், குறுக்கே சிவப்புக் கோடு, 'எதையும் பூசாதீர்' என்று நான்கு மொழிகளில். தமிழ் மட்டும் இரண்டு மடங்கு பெரிய எழுத்தில். என் படைப்புகளில் மொழிபெயர்க்கப்பட்டது அது ஒன்றுதான்.

மிஞ்சிய ஒரு ஸ்டிக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமியறைச் சந்தனக் கிண்ணத்தின் மூடியில் ஒட்டியிருக்கிறாள் மாலதி.