காணாமல் போன சாவி காணாமல் போனது

பொங்கல் கழிந்த மறுவாரம் தீனதயாளன் ஒரு சபதம் எடுத்தார். சாதாரணச் சபதமில்லை. வாசலில் நின்று, கோயில் கமிட்டிக் கண்ணுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி எடுத்த சபதம்.

"பங்குனியில காப்புக் கட்டுற அன்னைக்கு நம்ம மாரியம்மன் பாட்டு குழாய் ஸ்பீக்கர்ல பாடும். பாடலைன்னா என்ற பேரு தீனதயாளன் இல்லீங்க!"

உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி வசந்தாமணி, "அப்ப வேற நல்ல பேரா இப்பவே ரோசிச்சு வெக்கிறேன்" என்றாள்.

தீனதயாளனுக்கு நாமகிரிப்பேட்டையில் கோழித்தீவனக் கடை. ஆனால் இருபது வருசத்துக்கு முன்னால் அவர் ஒலிப்பதிவாளர். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்டுடியோ கட்டியிருந்தார். சுவர் முழுக்க முட்டை அட்டை. அதன் மேல் கார்ப்பெட். லாரி பாடி கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்த இரட்டைக் கதவு. வெளியே பஸ்ஸே மோதினாலும் உள்ளே கேட்காது; உள்ளே நாள் முழுக்கப் பேசினாலும் வெளியே கேட்காது. அங்கேதான் உடுக்கைக்காரர் சுப்பையன் பாடிய மாரியம்மன் பாட்டு பதிவானது. ஊரே மயங்கிய பாட்டு.

கமிட்டியிடம் இருந்த ஒரே சிடி வருசா வருசம் ஓடித் தேய்ந்து, போன திருவிழாவில் 'தாயே வாராய்' என்ற இடத்தில் சிக்கிக்கொண்டது. 'தா… தா… தா… தா…' என்று அரை மணி நேரம் கேட்டது. அம்மனிடம் வரம் கேட்கிற தோரணையா அது? டிக்கெட் எடுக்காதவனிடம் கண்டக்டர் கேட்பது போல் இருந்தது.

பாட்டு வேறெங்கும் இல்லை. தீனதயாளனின் பழைய கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. அதுவும் முழுப் பாட்டாக இல்லை. உடுக்கை தனி, சுப்பையன் குரல் தனி, பெண்களின் குலவை தனி என்று டிராக் டிராக்காக ஒரு பிராஜெக்ட் ஃபைலில் கிடந்தது. அதைப் பதிந்த சாஃப்ட்வேரின் கம்பெனியே மூடியாகிவிட்டது. அதைத் திறக்க வேண்டுமானால் கட்டைவிரல் அளவு ஒரு பச்சைச் சாவியைக் கம்ப்யூட்டரின் முதுகில் செருக வேண்டும். அதற்கு டாங்கிள் என்று பெயர். செருகினால் திறக்கும். செருகாவிட்டால் முறைக்கும்.

"பாட்டை எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா அந்த ரூம்பு எனக்குங்க" என்றாள் வசந்தாமணி. "ரெண்டு தையல் மிசினு போடோணும்."

"எடுத்துக்க புள்ள. ஒரு வாரம்."

மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்தார். ஸ்டுடியோவைத் திறந்தார். ஏசியைப் போட்டார். இரட்டைக் கதவைச் சாத்தினார்.

அடடா!

வழக்கமாக மத்தியானம் என்றால் தேங்காய் உரிக்க வேண்டும், மோட்டார் போட வேண்டும், கொடியில் துணி எடுக்க வேண்டும். தீனதயாளன் எதையும் வாயை மூடிக்கொண்டு செய்கிற ஆளில்லை. தேங்காய் உரித்தால் தென்னையின் பூர்வீகத்திலிருந்து ஆரம்பிப்பார். மோட்டார் போட்டால் மின்வாரியத்தின் போக்கை அலசுவார். அதற்குள் வசந்தாமணி அடுத்த வேலையை ஏவிவிடுவாள். இங்கேயோ ஏவல் இல்லை. ஏசி உண்டு, ஏச்சு கிடையாது. அப்படியே பாயை விரித்துச் சாய்ந்தார்.

எழுந்தபோது மூளை தெளிவாக வேலை செய்தது. பாட்டை எடுத்துவிட்டால் இந்தச் சொர்க்கத்தில் தையல் மிசின் ஓடும். எடுக்காத வரை சொர்க்கம் அவருக்கு. திருவிழாவுக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கிறது. டாங்கிளை எடுத்துப் பழைய மைக் பெட்டியில் பஞ்சுக்கு அடியில் சொருகினார். முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"வசந்தா, கெட்ட சேதி. டாங்கிளைக் காணோம்."

"ஆருங்க அது?"

"ஆளில்ல புள்ள, சாவி! அந்தப் பச்சைச் சாவி! அதில்லாம சாஃப்ட்வேரு தொறக்காது."

"அப்பப் பாட்டு?"

"சாவி இல்லாமயே உள்ளார பூந்து எடுக்கோணும். நொம்ப நுணுக்கமான வேலை. மாசக்கணக்காகும். ஆரும் கதவைத் தட்டப்படாது."

"சோத்துக்குங்க?"

"சோத்துக்குத் தட்டலாம்."

வசந்தாமணி தலையாட்டினாள். இவ்வளவு லேசாக அவள் எதையும் நம்பியதில்லை. நம்ம நடிப்பு அப்படி என்று தீனதயாளன் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் மீட்புப் பணி. வேலை முடிந்து வெளியே வரும்போது வசந்தாமணி காப்பியோடு நிற்பாள்.

"எந்த மட்டுல இருக்குதுங்க?"

"உடுக்கை வந்துருச்சு. குரல்தான் வரோணும்."

"கன்னத்துல பாய்க்கோடு உழுந்திருக்குதே?"

"அது ஹெட்போன் தழும்பு."

"ஹெட்போனு கோரைப்புல்லுலயா பண்ணியிருக்குது?"

"பழைய மாடலு புள்ள. மீட்டுட்டுத்தான் இருக்கேன், அவசரப்படுத்தாத."

"மாசி பாதி போயாச்சு. இன்னும் மீட்டிட்டே இருக்கீங்க. உள்ளார இருக்கறது ஃபைலா, வீணையா?"

கேட்டாளே தவிரக் கோபப்படவில்லை. தையல் மிசின் இரண்டையும் தற்காலிகமாக ஹாலிலேயே போட்டுக்கொண்டாள். தீனதயாளனுக்குக் கொஞ்சம் குறுகுறுப்பாகக்கூட இருந்தது. குறுகுறுப்போடு தூங்கினார்.

பங்குனி பிறந்தது. கண்ணுசாமி வந்து நின்றார்.

"ஏப்பா தயாளு, வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு. குழாய்க்காரனுக்குச் சொல்லியாச்சு. பாட்டு ரெடியாப்பா?"

"ரெடி மாதிரிதானுங்க!"

அன்றைக்குத்தான் தீனதயாளன் நிஜமாகவே வேலை செய்ய உள்ளே போனார். மைக் பெட்டியைத் திறந்தார். மைக் இருந்தது. பஞ்சைத் தூக்கினார். பஞ்சு இருந்தது. சாவி இல்லை.

ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வேர்த்தது.

பெட்டியைக் கவிழ்த்தார். பாயை உதறினார். கார்ப்பெட்டைக் கிளப்பினார். ஊரறியக் காணாமல் போயிருந்த சாவி அது. காணாமல் போன சாவி காணாமல் போய்விட்டது என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? தேடலை வீட்டுக்குள்ளும் நீட்டித்தார்.

"ஏனுங்க, என்னத்தைத் தொலாவுறீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"கட்டிலுக்கு அடியில தலை இருக்குது."

"சும்மா… கூட்டியிருக்குதான்னு பாத்தேன்."

"கூட்டியிருக்குதுங்களா?"

"சுத்தமாக் கூட்டியிருக்குது." அவருடைய பயமே அதுதான்.

"எதையாச்சும் காணோமா?"

"ஆமா. இல்ல. அதாவது, புதுசா எதுவும் காணாமப் போகலை."

"செரி, கெடைச்சாச் சொல்லுங்க. நானும் சந்தோசப்படுறேன்."

சாவியில்லாமல் திறந்து பார்த்தார். கம்ப்யூட்டர் முறைத்தது. ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு நாமக்கல்லில் ஒரு புது ஸ்டுடியோவுக்கு ஓடினார். அங்கிருந்தவர் திறந்து பார்த்துவிட்டு, "இதுல பாட்டு வரலீங்க, கட்டங்கட்டமா எழுத்துத்தான் வருது" என்று கையை விரித்தார். இரண்டு நாளாகத் தீனதயாளனுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை நாள் பொய்யாகச் சொன்ன சங்கதி எல்லாம் ஒவ்வொன்றாக நிஜமாகிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஊரில் இருந்தால்தானே கேள்வி? ஜேடர்பாளையத்தில் ஒரு கோழிப்பண்ணைக்காரரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பைக்கை ஓசைப்படாமல் தள்ளிக்கொண்டே தெருமுனை வரைக்கும் வந்துவிட்டார்.

கோயில் பக்கம் குழாய் கரகரத்தது. தீனதயாளன் கண்ணை மூடிக்கொண்டார்.

உடுக்கை அதிர்ந்தது. அதன் மேல் சுப்பையனின் குரல் ஏறியது. கீறல் இல்லை, திக்கல் இல்லை. 'தாயே வாராய்' என்று கணீரென்று ஒரே மூச்சில் கூப்பிட்டது. பின்னால் பெண்களின் குலவை. கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

கண்ணுசாமி துண்டு பறக்க ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டியேப்பா! சிடியில கேட்டதைவிட எச்சாத் தெளிவா இருக்குது! காலையிலயே உன்ற ஊட்டுக்காரி வந்து பென்டிரைவைக் குடுத்துட்டுப் போச்சு."

தீனதயாளன் சிரித்த மாதிரி ஏதோ செய்தார். பைக்கை அங்கேயே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

ஹாலில் வசந்தாமணி ஒரு ரவிக்கைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள ஜேடர்பாளையம் போயிட்டு வந்துட்டீங்களா?"

"எப்பப் புள்ள எடுத்தே?"

"தை மாசக் கடைசியிலீங்க. ரூம்பைத் தொடைக்கறப்ப மைக்குப் பொட்டியில சாவி சிக்குச்சு. நீங்க காத்தால கடைக்குப் போனதும் உக்கோந்தேன். கம்ப்யூட்டரு தேதியைத் தப்பாக் காட்டுச்சு. வட்டப் பேட்டரி ஒண்ணு வாங்கிப் போட்டேன். பொறவு ஒவ்வொரு டிராக்கா வெளிய எடுத்து ஒண்ணாச் சேத்துட்டேன். சாவி ஊசி டப்பாவுல இருக்குது."

"உனக்கு எப்படி இதெல்லாம்…"

"அந்தக் காலத்துல பாட வந்தவங்ககிட்ட நீங்க டீயைக் குடுத்துட்டுக் கதை பேசிட்டிருப்பீங்க. மவுசைப் புடிச்சுட்டு உக்கோந்திருந்தது ஆருங்க?"

தீனதயாளன் யோசித்துப் பார்த்தார். ஒலிப்பதிவாளர் யாரென்று இருபது வருசம் கழித்து விளங்கியது.

ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்றும் அவருக்குப் பட்டது. தை மாசமே இவள் ஜெயித்துவிட்டாள். ரூம்பு இவளுடையது. ஆனாலும் இவள் இந்த ஹாலில், மின்விசிறிக் காற்றில் வேர்த்து விறுவிறுத்துத் தைத்திருக்கிறாள். புருசன் படுத்துத் தூங்குவது தெரிந்தும் தட்டிக் கேட்காமல் ஏசியில் விட்டு வைத்திருக்கிறாள். என்ன மனசு! பக்கத்தில் போய் நின்றார்.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல வசந்தா? இத்தனை நாளா எதுக்குச் சொல்லாம இருந்தே?"

வசந்தாமணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சொல்லியிருந்தா நீங்க வெளிய வந்திருப்பீங்களேங்க."