விழிதியூரில் விட்டுப்போன எட்டு சிலிண்டர்

விழிதியூர்,
தை 20, திங்கள்.

அன்புமிக்க அண்ணன் சிவநாதனுக்கு, தங்கை மங்கையர்க்கரசியின் வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவது முறை என்பதால் அப்படியே எழுதுகிறேன், நம்ப வேண்டாம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பதினொரு நாட்களாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. திருநள்ளாற்றில் குளித்து, கட்டியிருந்த துணியை விட்டுவிட்டு வருபவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். துணியை விடுவார்கள். சினிமாக் கம்பெனி கொட்டகையில் கிடந்து நீங்கள் வாங்கிய எழுபத்தைந்தாம் வருஷத்து அமெரிக்க வண்டியை, உள்ளே கட்டிலும் அடுப்பும் கக்கூஸும் உள்ள இருபத்தாறு அடி வண்டியை, யாரும் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. “குளிச்சிட்டு வந்துர்றேன் மங்கை, வண்டி இங்க நிக்கட்டும்” என்றீர்கள். குளித்தீர்கள். அங்கிருந்தே சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டீர்கள். வண்டி வந்ததிலிருந்துதான் உங்களுக்கு வியாபாரத்தில் நஷ்டமும் உடம்பில் மூலமும் என்று ஜோசியர் சொன்னாராம். அண்ணி சொல்லித்தான் தெரியும். இங்கே போனில் பேசினாலும் தோஷம் திரும்புமாம். தபாலைப் பற்றி அவர் ஏதும் சொல்லியிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வண்டி நிற்பது எங்கள் வயலுக்குப் போகும் ஒரே பாதையில். ஒன்றரை ஏக்கர் சம்பா முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, வாரக் கடைசியில் மழை என்கிறார்கள், ஆத்தூரிலிருந்து வந்த அறுவடை மிஷின் உங்கள் வண்டிக்குப் பின்னால் நிற்கிறது. “ஏங்க, இது பஸ்ஸா, வீடா?” என்று அதன் டிரைவர் கேட்டார். “எங்க அண்ணன்” என்றேன். டிராக்டர்காரர் கயிற்றைக் கையில் எடுத்தவர், விஷயம் தெரிந்ததும் கீழே போட்டுவிட்டு, “சனி பகவானுக்கு விட்டதத் தொடமாட்டேன்க்கா” என்று வீட்டுக்குப் போய் மறுபடி குளித்தார், அதன்பிறகு குவைத்தில் இந்த மாதிரி வண்டிகளைப் பார்த்த மெக்கானிக் ஷகீலைக் காரைக்காலிலிருந்து வரவழைத்தோம், அவர் உள்ளே எட்டிப் பார்த்து, “எட்டு சிலிண்டர், ஏழு லிட்டர் இஞ்சின் மேடம். ஓடாதுன்னு இல்ல. ஓடும்போது ஒராளு பெட்ரோல் ஊத்திக்கிட்டே கூட ஓடணும்” என்றார், ஊத்துனோம், இருபது லிட்டர், அது கிளம்புன சத்தத்துல வயல்ல நின்ன கொக்கெல்லாம் போயிருச்சு, முனை வீட்டுப் பஞ்சநாதன் மாடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடிருச்சு, வண்டி நாலடி வந்து பின்சக்கரம் வாய்க்கால் கரையில பொதைஞ்சு படுத்துக்கிச்சு.

பஞ்சநாதனின் அறுத்த வயல் வழியாக மிஷினை விடலாம். வரப்புத் தகராறில் அவர் எங்களோடு பேசிப் பதினைந்து வருடம் ஆகிறது. உங்கள் மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்து வானத்தையே பார்க்கிறார். எனக்குக் கிரகங்களில் நம்பிக்கை இல்லை. ஆனால் பதினொரு நாளாக ஒன்று என்னைப் பிடித்திருக்கிறது, அதற்கு உங்கள் ஜாடை. வெள்ளிக்கிழமைக்குள் வந்து எடுத்துப் போங்கள். இது வேண்டுகோள் அல்ல.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. ஒன்பது கிரகமும் உங்களுக்கு நல்லது செய்யட்டும், வெள்ளிக்கிழமைக்குள் செய்யட்டும்.

இப்படிக்கு,
மங்கையர்க்கரசி

பி.கு.: ஒட்டுவதற்குள் ஒரு நாள் போய்விட்டது. கிரேன் கொண்டுவந்து வண்டியை இழுத்துப் பஞ்சநாதன் வாசலில் நிறுத்தப் போவதாக ஷகீல் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். பஞ்சநாதன் ஓடி வந்தார். “என் வயல்ல எத்தன மிஷின் வேணாலும் போவட்டும் தங்கச்சி, அந்தச் சனியன மட்டும் அசைக்காதீங்க!” தாசில்தார் மூன்று முறை அளந்தும் தீராத வரப்பு இது. மத்தியானமே அறுத்தாயிற்று. சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையம் இன்னும் திறக்கவில்லை. நாற்பது மூட்டை நெல்லும் உங்கள் வண்டிக்குள் இருக்கிறது, கட்டிலில், அடுப்பின் மேல், கக்கூஸில். பாரத்தில் இன்னும் அரை அடி இறங்கிவிட்டது. தயவுசெய்து வர வேண்டாம். மேல் ஜன்னல் ஒழுகுகிறது, தார்ப்பாய் ஒன்று மட்டும் பார்சலில் அனுப்புங்கள்.