பன்னிரண்டாவது முகத்துக்கு விட்டிருந்த இடம்

தராஸ்,
மார்ச் 18

மதிப்பிற்குரிய சம்பந்தி ஒராஸ்பாய் அவர்களுக்கு,

ரைகான் வணக்கத்துடன் எழுதுவது. மெர்கேயில் ஆடுமாடு நலமா, குழந்தை குட்டிகள் நலமா, சம்பந்தியம்மாவின் முழங்கால் மடங்குகிறதா? இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர.

போன வாரம் விருந்துக்கு வந்தபோது என் அலமாரியிலிருந்து ஒரு கேலிச்சித்திரப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, "அடடா, இது பிரமாதமா இருக்கே!" என்றீர்கள். சம்பந்தி வாய்விட்டுப் புகழ்ந்த பொருளை அவர் கையிலேயே கொடுத்தனுப்பாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் அடுக்களையிலிருந்து ஓடி வருவதற்குள் என் வீட்டுக்காரர் அதைச் சால்வையில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

அதை வரைந்தவர் துலேகென் அண்ணன். முதல் பக்கத்தில், 'முகங்களை மன்னிக்கிற ரைகானுக்கு, மன்னிக்கத் தெரியாதவன்' என்று எழுதித் தந்தார். நான் போட்டோ ஸ்டூடியோவில் மருவை அழிக்கிறவள். அவர் பத்திரிகையில் மருவை வளர்க்கிறவர். "ஏம்மா, உன் கடைப் படத்தைப் பாத்துட்டுப் போனா தெருவுல ஒருத்தரையும் அடையாளம் தெரியலையே" என்று சண்டைக்கு வந்துதான் சிநேகிதரானார். ஒவ்வொரு நவ்ரூஸ் புத்தாண்டு அன்றும் வந்து அந்தப் பக்கத்திலேயே என் முகத்தைச் சின்னதாக ஒன்று வரைவார். நான் அவரை ஒரு படம் எடுப்பேன். பதினொரு வருடம், பதினொரு முகம். இன்னும் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது. அவருக்கு எழுபத்தொன்று, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. இடம் தீர்ந்தால் அவர் வருவதும் தீர்ந்துவிடுமோ என்று எனக்குள் ஒரு பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை.

இன்னும் நான்கு நாளில் வருவார். புத்தகம் இல்லை என்றால் திட்ட மாட்டார். பேசாமல் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். திட்டினாலாவது தேவலை.

அதனால் கடையில் வேறொரு பிரதி வாங்கி, அவர் கையெழுத்தை நானே எழுதி, பதினொரு முகங்களையும் நானே வரைந்தேன். என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பதினொண்ணுலயும் உனக்கு இருவத்தஞ்சு வயசுதான் ஆவுது. சுருக்கம் எங்கடி?" என்றார். நான் என்ன செய்வேன், கை தானாக அழித்துவிடுகிறது! சுருக்கம் போடலாம் என்று மறுபடி உட்கார்ந்தேன், மை கொட்டிவிட்டது, மூன்று முகத்துக்குத் தாடி முளைத்துவிட்டது.

நான் திருப்பிக் கேட்கவில்லை. அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வருமா? நவ்ரூஸுக்கு நீங்களே வாருங்கள், அதையும் சும்மா எடுத்து வாருங்கள். வந்த இடத்தில் வேறு எதையாவது புகழுங்கள். டீ கொதிக்கிற சமோவாரைப் புகழுங்கள், கம்பளத்தைப் புகழுங்கள். என் வீட்டுக்காரரைக்கூடப் புகழலாம். கேமராவை மட்டும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் இந்த வருடம் பால் வற்றாமல் இருக்கட்டும், கூடாரம் நிறையப் பேரப்பிள்ளைகள் ஓடட்டும்.

பணிவுடன்,
ரைகான்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் துலேகென் அண்ணனிடமிருந்து போன். "ஏம்மா ரைகான், உன் சம்பந்தி புத்தகத்தோட வந்து உக்காந்திருக்காரு. உன் முகங்களைப் பாத்துட்டு, தன் முகத்தையும் போட்டே ஆகணும்னு ஒரே பிடிவாதம். போட்டுட்டேன்."

"எங்கண்ணா போட்டீங்க?"

"மிச்சமிருந்த இடத்துலதான்."

பசைப்புட்டியை உறைமேலேயே கவிழ்த்துவிட்டேன்.

"ஏய், இருக்கியா? அவரு மூக்கு அந்த இடத்துல அடங்கலம்மா. பக்கத்தைத் தாண்டி எதிர்ப்பக்கத்துக்குப் போயிடுச்சு. அந்தப் பக்கம் மத்தபடி முழுக்கக் காலி. இனிமே உன்னை அங்கதான் வரையணும், நாப்பது முகமாவது புடிக்கும்."

ஆகவே சம்பந்தி, மேலே எழுதியது எதையும் நீங்கள் படிக்கவில்லை. சமோவார் சுமார்தான், அதைப் புகழாதீர்கள். நவ்ரூஸுக்குப் புத்தகத்தோடும் மூக்கோடும் வந்து சேருங்கள். உங்களை ஒரு படம் எடுக்க வேண்டும். சத்தியமாக அந்த மூக்கில் ஒரு மயிரிழைகூடக் குறைக்க மாட்டேன்.