மடுல்கெல்லவில் தோன்றிய நான்

ஒப்புக்கொள்கிறேன், இருபத்து மூன்று வயதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. இன்டர்நெட்டையே திருத்திவிட்டேன் என்று வத்தேகம பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

விஷயம் இதுதான். இன்டர்நெட்டில் நம் போனுக்குக் கிடைக்கும் முகவரி நாம் யார் என்பதையும் சொல்கிறது, எங்கே இருக்கிறோம் என்பதையும் சொல்கிறது. வைஃபையை விட்டு ரோட்டுக்கு இறங்கினால் முகவரி மாறும். உடனே நாம் வேறு ஆள்! பேசிக்கொண்டிருந்த போன் கோல் டக்கென்று அறுந்துவிடும். அட, இடம் மாறினால் ஆளே மாறிவிடுவதா? நான் இரண்டையும் பிரித்தேன். போனுக்கு என்றும் மாறாத ஒரு பெயர். அந்தப் பெயர் இப்போது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ள நடுவில் ஒரு பதிவேடு. போன் இடம் மாறினால் பதிவேட்டுக்குச் சொல்லும், கோல் பின்னாலேயே ஓடி வரும். (யோசனை என்னுடையதில்லை, பெரிய ஆட்கள் எப்போதோ எழுதிவைத்தது. அதைப் பஸ்ஸில் நான் சொல்லவில்லை.)

கண்டியில் ஒரு கம்பனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அது தவறினால் கொழும்புக்குப் போய் போர்டிங்கில் கிடக்க வேண்டும். எனக்கு வீட்டை விட்டுப் போகத் துளியும் மனமில்லை.

இன்டர்வியூ எடுத்த மேலதிகாரி, பெரிய சேர், யாழ்ப்பாணத்துக்காரர். “செய்து காட்டுங்கோ, பாப்பம்” என்றார்.

அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து என் போனுக்கு வீடியோ கோல். நான் மாடிப்படி இறங்கி ரோட்டுக்கு வந்தேன். வைஃபை போய் டேட்டா வந்தது, கோல் அறவில்லை! எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. “சேர், இப்ப ஏரிக்கரையில நிக்கிறேன்! இப்ப பஸ் ஸ்டாண்ட் பக்கம் போறேன்!” என்று கத்திக்கொண்டே நடந்தேன். திரையில் சேர் அசையாமல் இருந்தார். மலைத்துப்போய்விட்டார் என்று நினைத்தேன்.

வெற்றிநடை போட்டுத் திரும்பினால், உள்ளே ஒரே சிரிப்பு. சுவரிலிருந்த பெரிய திரை நிறைய, தோளில் துவாய்த் துண்டோடு, மடுல்கெல்ல மலைத் தேயிலைத் தோட்டத்து என் மாமா!

“அவ கோவக்காரி சேர், ஆனா வேலைன்னா உசுரு. காலையில மட்டும் எழும்ப மாட்டா. ஒம்போது மணிக்கு மேல வரச் சொல்லுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“மாமா!”

“அட, லோகா புள்ள! நீ எங்க போன? சேர் எவ்வளவு நேரமா உன்னத் தேடுறாரு!”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பழைய போனில் இருந்ததையெல்லாம், அந்த மாறாத பெயர் உட்பட, அப்படியே புதுப் போனுக்கு மாற்றியிருந்தேன். பழையதை மாமாவுக்குக் கொடுக்கும்போது போட்டோக்களை அழித்தேன், பெயரை அழிக்கவில்லை. இன்டர்வியூ என்ன ஆச்சோ என்ற தவிப்பில் மாமா சரியாக அந்த நேரம் பார்த்து டேட்டாவைப் போட்டிருக்கிறார். கடைசியாக யார் சொன்னாரோ அவரைத்தானே பதிவேடு நம்பும்? ‘லோகா இப்போது மடுல்கெல்லவில்’ என்று கோலை அங்கே அனுப்பிவிட்டது. என் திரையில் சேர் அசையாமல் நின்றது அதனால்தான். கோல் வந்தால் யாரும் எடுக்காமலே படம் வரும்படி செய்துவைத்த மகராசியும் நான்தான்.

கொழும்புதான் கதி என்று முடிவு செய்து, அழுகையை அடக்கிக்கொண்டு பையை எடுத்தேன்.

“எங்க போறீங்கள்? இருங்கோ” என்றார் சேர். “கோல் மலைக்குப் போயும் அறேல்ல, அது கெட்டித்தனம். ஆனா ஒரே பேரோட ரெண்டு பேர் வந்தா உங்கட பதிவேட்டுக்குத் தெரியேல்லயே. திங்கக்கிழமை வந்து முதல்ல அதைத் திருத்துங்கோ.” கதவு வரை போனவர் திரும்பி, “ஒன்பது மணிக்குப் பிறகு வந்தாப் போதும்” என்றார்.

ஆறு வருஷமாக அதே கம்பனி, அதே ஒன்பது மணி. எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் யாராவது என் உத்தியோகத்தைப் பற்றி விசாரித்தால் போதும், மாமா முந்திக்கொள்வார்: “இன்டர்வியூ குடுத்து பாஸானது நானு. இவ சும்மா எனக்குப் பதிலா வேலைக்குப் போய்ட்டு வாறா.”